வரிசையில் மட்டும் வரும் வெக்கை

மெஹிகாலியில் ஜூலை.
பட்டறை வாசலில் ஸ்பானரை மறந்து வைத்தால்
துணி சுற்றித்தான் எடுக்க வேண்டும்.
நோட்டரி பல்தசார் கிரோகா
பச்சை ஜாகுவாரை மூன்றாம் முறையாகக் கொண்டுவந்தார்.
"குளிர் வருகிறது, போகிறது" என்றார்,
அடிக்கடி வீட்டை விட்டு ஓடும் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

இன்ஜினை முடுக்கினேன்.
காற்று வரும் துவாரத்தில் தெர்மாமீட்டர்: ஆறு டிகிரி.
இருபது நிமிடம். நாற்பது நிமிடம்.
ஆறு டிகிரி.
டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்ததும் அடங்கிவிடும் பல்வலி.
கூண்டிலேறிப் பல்டி அடித்த சாட்சியைப் பார்ப்பதுபோல
நோட்டரி காரைப் பார்த்தார்.

எனக்கு முன் இரண்டு பட்டறைகள்.
ஒருவன் கேஸ் நிரப்பினான். அடுத்தவன்
அந்த கேஸை இறக்கி, கண்டென்சரை மாற்றி, மறுபடி நிரப்பினான்.
ரசீதுகளைத் தேதி வாரியாகக் கோத்து வைத்திருந்தார்.
நானும் யோக்கியம் இல்லை:
போன முறை ஒரு ரிலேயை மாற்றிக் காசு வாங்கினேன்,
பழுதை ஒரு தடவைகூடக் கண்ணால் காணாமல்.

"எப்போது என்று சொல்ல வேண்டாம். எங்கே?"
யோசித்தார்.
"வரிசையில். அந்தப் பக்கம் போகிற வரிசையில்.
கலெக்சிகோவில் மகள் இருக்கிறாள், வெள்ளிதோறும் கிளம்புகிறேன்.
வாயிலுக்குப் பத்துக் கார் பாக்கி இருக்கும்போது அனலடிக்கும்.
திரும்பி ஓட்டினால் சரியாகிவிடும்."
காருக்கும் பயம் இருக்கும் என்று
மனிதர் நிஜமாகவே நம்பியிருக்க வேண்டும்.

என்னிடம் விசா இல்லை.
இரண்டு முறை கேட்டேன், அது வேறு கதை.
ஆனால் பழுதுக்கு வரிசை வேண்டும்.
வாயிலுக்குச் சற்று முன்னால் ஒரு திருப்பம் உண்டு,
மனம் மாறியவர்களுக்காக.
அதுவரை போகலாம்.

ஒன்றே முக்கால் மணி நேரம்.
ஒரு கார் நீளம் நகர்வோம், நிற்போம்.
உண்டியல் பன்றி விற்பவன் கண்ணாடியைத் தட்டினான்,
உள்ளிருந்து கசிந்த குளிரில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனான்.
நோட்டரி மகளைப் பற்றிப் பேசவில்லை. நான் கேட்கவில்லை.
தெர்மாமீட்டரைப் படித்தேன்: ஏழு. எட்டு. ஏழு.
பிறகு பதினான்கு.
பத்தொன்பது.
முப்பத்தொன்று.
"பார்த்தாயா எர்லிந்தா, பார்த்தாயா!"
ஸ்டியரிங்கைக் குத்தினார், மூக்கு நுனியில் வேர்வை சொட்ட.
இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் புழுங்கி நான் கண்டதில்லை.

பானட்டைத் திறந்தேன். பின்னால் ஹாரன்கள்.
பெல்ட் ஓடுகிறது, புல்லி சுழல்கிறது,
கம்ப்ரசர் முகத்திலுள்ள தட்டு மட்டும் சும்மா நிற்கிறது.
வயரில் மின்சாரம் இருக்கிறது, சோதனை விளக்கு எரிந்தது.
காந்தம் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.
துடைப்பக் கழியின் துண்டால் ஒரு தள்ளு.
டக்.
குளிர்.

கையும் களவுமாக.
தேய்ந்து தேய்ந்து தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே
இருக்க வேண்டியதைவிட ஒரு மயிரிழை கூடுதல் இடைவெளி.
வண்டி ஓடும்போது காந்தம் எப்படியோ எட்டிப் பிடிக்கும்.
நின்று நின்று வெந்துபோனால் இழுக்கத் தெம்பிருக்காது.
அதற்குத்தான் இத்தனை ரசீது.

திருப்பம் வந்தது.
பலகையைப் பார்க்காமலே திருப்பினார்,
வேகம் குறைத்த விதமும் கியர் போட்ட விதமும்
பலநாள் பழகிய கை.
சிக்னலில் மகளுக்கு போன் செய்தார்:
"கார் ரிப்பேர், கண்ணே. இல்லை, இந்த முறை
மெக்கானிக்கே பக்கத்தில் இருக்கிறாள்."
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பட்டறையில் தட்டைக் கழற்றினேன்.
அடியில் மூன்று மெல்லிய வளையங்கள்,
நகத்தைவிடச் சன்னமானவை.
ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினேன், அளந்தேன்.
புதிதாக எதையும் போடவில்லை என்றதும்
அவருக்குச் சற்று ஏமாற்றம்.
"எடுத்ததைக் கொடு" என்று வாங்கி
கவரில் போட்டுத் தேதி எழுதினார்.

"இனி நிற்குமா?"
"எத்தனை மணி நேரமானாலும்."
தலையாட்டினார். உடனே கிளம்பவில்லை.
அடுத்த வெள்ளி மகளிடம் என்ன சொல்வீர்கள் என்று
கேட்க வாயெடுத்தேன்.
இருநூறு பேசோ என்று ரசீது எழுதினேன்.